ஈரான்: தண்ணீரும் குறைகிறது, பிள்ளைகளும் குறைகிறார்கள், கணக்கு நேராகிவிடாதா?

வெயிலான் கேட்டது:

அபத்தமான கேள்வி என்றால் திட்டுங்கள், ஆனால் பதில் சொல்லிவிட்டுத் திட்டுங்கள். 2025 நவம்பரில் ஈரான் அதிபர் பெசெஷ்கியான், மழை வராவிட்டால் டெஹ்ரானில் தண்ணீரை முறைவைத்து விட வேண்டியிருக்கும், அப்புறமும் பெய்யாவிட்டால் ஊரையே காலி செய்ய வேண்டியிருக்கும் என்றார். கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் இருக்கிற ஊர். அதிலிருந்து அந்த நாட்டைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். டெஹ்ரானுக்குத் தண்ணீர் தரும் அமீர் கபீர் அணையில் அப்போது கொள்ளளவில் 8 சதவீதம்தான் கிடந்தது. மஷ்ஹத் நகரத்து அணைகளில் 3 சதவீதம்கூட இல்லை. மழை வேண்டி மசூதியில் தொழுகையெல்லாம் நடந்தது.

இன்னொரு பக்கம் அதே அரசு, பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறது. கடன் தருகிறார்கள், இரண்டாவது குழந்தை பெற்ற அம்மாவுக்குக் கார் வாங்குவதில் முன்னுரிமையாம்! ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.6, 1.7 குழந்தை என்ற அளவுக்கு வந்துவிட்டதால் பயம்.

இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. தண்ணீர் போதவில்லை என்றால் ஆட்கள் குறைவது நல்லதுதானே? பானையில் அரிசி கொஞ்சமாக இருக்கும் நாளில் விருந்தாளி வராமலிருந்தால் நிம்மதி இல்லையா, அது மாதிரி. ஏன் இரண்டையும் ஆபத்து என்கிறார்கள்?

---

மடைக்காரன் எழுதியது:

தம்பி, கேள்வியில் அபத்தம் ஒன்றும் இல்லை. பானை உதாரணம்தான் தப்பு. ஈரானில் எடுக்கிற தண்ணீரில் சுமார் 90 சதவீதம் வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிறது. குடிக்க, குளிக்க, துவைக்க, கக்கூஸுக்கு ஊற்ற எல்லாம் சேர்த்தே பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். டெஹ்ரானில் பாதிப் பேர் நாளைக்குக் காணாமல் போனாலும் கெர்மானில் பிஸ்தா மரம் குடிப்பதை நிறுத்தாது.

நான் பாசனத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். ஈரானுக்குப் போனதில்லை, ஆனால் அவர்களுடைய கனாத் மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் ஒரு கிணறு தோண்டி நிலத்தடி நீரைத் தொடுவார்கள், அதற்குத் தாய்க்கிணறு என்றே பெயர். அங்கிருந்து ஊர் வரைக்கும் பூமிக்கு அடியில் மிக மெல்லிய சரிவில் ஒரு சுரங்கம். மண்ணை அள்ளவும் காற்று வரவும் வழிநெடுகக் கிணறுகள். ஆகாயத்திலிருந்து பார்த்தால் எறும்புப் புற்று வரிசை வைத்த மாதிரி இருக்கும். மோட்டார் கிடையாது, ஏற்றம் கிடையாது, சரிவில் தானாக வந்து ஊர்த் தொட்டியில் விழும். கொனாபாத்தில் இருப்பதன் தாய்க்கிணறு 300 மீட்டருக்கு மேல் ஆழம், இன்னும் தண்ணீர் வருகிறது. 2016இல் யுனெஸ்கோ பதினோரு கனாத்துகளைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஊற்று எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் வரும். நீங்கள் பேராசைப்பட்டாலும் கூடுதலாக ஒரு குடம் எடுக்க முடியாது.

1960களில் மன்னர் ஷா நிலச்சீர்திருத்தம் கொண்டுவந்தார். நோக்கம் சரி. ஆனால் சுரங்கத்துக்குள் இறங்கித் தூர்வாருகிறவர்களுக்குக் காசு கொடுத்துவந்தது பழைய ஜமீன்தார்கள்தான், அவர்கள் போனதும் அந்தச் செலவை ஏற்க ஆளில்லை. அதே காலத்தில் டீசல் பம்பு வந்தது. பக்கத்து நிலத்துக்காரன் ஆழ்துளைக் கிணறு போட்டால் நீர்மட்டம் கீழே இறங்கும், கனாத்தின் வாய் அந்தரத்தில் நிற்கும், அவ்வளவுதான் அந்தக் கனாத்தின் ஆயுள். 1979 புரட்சி, எட்டு வருட ஈராக் போர், பொருளாதாரத் தடை. கோதுமைக்கு யாரிடமும் கையேந்தக் கூடாது என்பது கொள்கை ஆனது. டீசலும் கரண்டும் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். அனுமதி வாங்காத கிணறுகள் லட்சக்கணக்கில். 2004இல் கோதுமையில் தன்னிறைவு அடைந்துவிட்டோம் என்று கொண்டாடினார்கள், சில வருடத்திலேயே திரும்பவும் கப்பலில் வாங்கினார்கள். உலகச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு மழை பெய்கிற நாடு அது, வருடத்துக்கு 250 மில்லிமீட்டர் பக்கம்தான். கொண்டாடிய கோதுமையில் ஒரு பகுதி அந்த வருடத்து மழையில் விளைந்ததே அல்ல, கொள்ளுத்தாத்தா காலத்துச் சேமிப்பை உறிஞ்சி விளைந்தது.

அப்படி உறிஞ்சிய இடத்தில் மண் அமுங்குகிறது. டெஹ்ரானுக்குத் தென்மேற்கே சில இடங்களில் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் நிலம் இறங்குகிறது. களிமண் அடுக்குகள் ஒருமுறை நசுங்கிவிட்டால் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழைய அளவு தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஆட்கள் குறைந்தாலும் அது நிமிராது. பானையில் அரிசி குறைந்தது இல்லை தம்பி, பானையே சுருங்கிவிட்டது.

ஊர்மியா ஏரி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு காலத்தில் 5,000 சதுர கிலோமீட்டர், இப்போது பெரும்பாலும் உப்புத்தரை. சுற்றிலும் திராட்சை இருந்த இடத்தில் ஆப்பிளும் சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டும் போட்டார்கள், வருகிற ஆறுகளில் எல்லாம் அணை. கோத்வந்த் அணை இன்னும் கொடுமை. கரூன் ஆற்றில், உப்புப் பாறை இருக்கும் இடம் என்று எச்சரித்தும் கேட்காமல் கட்டி 2011இல் தண்ணீரை நிரப்பினார்கள். உப்பு கரைந்தது. ஆற்றைத் தேக்கி உப்பாக்கிக் கீழே அனுப்புகிற அணை!

காவே மதானி என்ற நீரியல் அறிஞர் இதை வறட்சி என்று சொல்லாதீர்கள், திவால் என்று சொல்லுங்கள் என்கிறார். வறட்சி வந்து போகும், திவால் ஆனவனுக்கு நல்ல சம்பளம் வந்தாலும் கடன் நிற்கும். 2017இல் அவரைக் கூப்பிட்டுச் சுற்றுச்சூழல் துறையில் துணைத் தலைவராக வைத்தார்கள், பாதுகாப்பு ஆட்கள் உளவாளி என்று சந்தேகப்பட்டுத் துருவினார்கள், சில மாதத்தில் நாட்டை விட்டே போய்விட்டார்.

---

எண்ணிச்சுவடி எழுதியது:

மடைக்காரன் ஐயா தண்ணீரைச் சொல்லிவிட்டார், நான் தலைக்கணக்குக்கு வருகிறேன். முதலில் ஒரு திருத்தம். ஈரானின் மக்கள்தொகை இன்னும் குறையவில்லை, கூடும் வேகம்தான் படுத்துவிட்டது. இப்போது 9 கோடி பக்கம். குறைவது பிறப்பு. 1980களின் நடுவில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் பிறந்தார்கள், 2024–25இல் அது 10 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

இது எப்படி நடந்தது என்பது உலகத்திலேயே விசித்திரமான கதைகளில் ஒன்று. 1976 கணக்கெடுப்பில் 3.37 கோடி, 1986இல் 4.94 கோடி. பத்து வருடத்தில் ஒன்றரைக் கோடி! (ஆப்கன் அகதிகளும் அதில் உண்டு.) போர் முடிந்ததும் அரசுக்கு வயிறு கலங்கிவிட்டது. 1989இல் அதே மதகுருமார் ஆட்சி குடும்பக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தது. கல்யாணம் பதிய வேண்டும் என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் கருத்தடை வகுப்புக்குப் போய்வர வேண்டும். கிராமத்துக்குக் கிராமம் சுகாதார வீடு, அதில் அந்த ஊர்ப் பெண்ணே பயிற்சி பெற்று உட்கார்ந்திருப்பாள், மாத்திரை, ஆணுறை எல்லாம் இலவசம். நான்காவது பிள்ளைக்கு அரசுச் சலுகை கிடையாது என்று 1993இல் சட்டமே போட்டார்கள். கிராமப் பெண்ணுக்கு 1970களில் சராசரி 8 பிள்ளை, 2006இல் 2.1. கட்டாய அறுவைச் சிகிச்சை ஏதும் இல்லாமல் இவ்வளவு வேகமாக இறங்கிய நாடு அபூர்வம். பெண்கள் படித்ததும் முக்கியக் காரணம், அதை ஆட்சியாளர்கள் அவ்வளவாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு 2012இல், அப்போது நாட்டின் உச்ச தலைவராக இருந்த காமேனி, இந்தக் கொள்கையை 1990களிலேயே நிறுத்தியிருக்க வேண்டும், தப்புச் செய்துவிட்டோம் என்று பொதுவில் சொன்னார். 2021இல் புதுச் சட்டம், அரசு மருத்துவ நிலையங்களில் இலவசக் கருத்தடை நிறுத்தம். என்ன ஆயிற்று? பிறப்பு இன்னும் குறைந்தது. ஆணுறையை நிறுத்தலாம், வீட்டு வாடகையை எப்படி நிறுத்துவது?

வெயிலான், உங்கள் கணக்கில் எல்லாத் தலையும் ஒரே தலை. அப்படி இல்லை. இப்போது குறைவது பிள்ளைகள், கூடுவது கிழவர்கள். 1980களில் பிறந்த அந்தப் பெருங்கூட்டத்துக்கு இப்போது நாற்பது வயது, 2050 வாக்கில் நாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு 60 தாண்டியிருக்கும். ஓய்வூதிய நிதிகள் இப்போதே பட்ஜெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. குழாயை மாற்ற, சொட்டுநீர் போட, கழிவுநீரைச் சுத்திகரிக்க எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், வேலை செய்கிற கை வேண்டும். குறைகிற தலை தண்ணீரை மிச்சப்படுத்துவதற்கு முன்னால் அந்தக் கையைக் குறைத்துவிடும்.

---

குட்டிப்புயல் எழுதியது:

ஆப்கன்காரர்களைத்தான் லாரி லாரியாக அனுப்பிவிட்டார்களே, அந்தத் தண்ணீர் மிச்சம். பிரச்சினை தீர்ந்தது 🙂

---

எண்ணிச்சுவடி எழுதியது:

@குட்டிப்புயல் 2025இல் மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோரை அனுப்பினார்கள், சரி. கட்டடம் கட்டியவன், வயலில் அறுத்தவன், கிணறு வெட்டியவன் பலர் அவர்கள்தான். உழைக்கிற வயதுக்காரன் குறைகிறான் என்று புலம்பிக்கொண்டே உழைக்கிறவனை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளினால் என்ன கணக்கு அது? மிச்சமான தண்ணீரும் குடிதண்ணீர்க் கணக்கில்தான் வரும், ஐயா சொன்ன அந்தப் பத்து சதவீதத்துக்குள்.

---

கரைமடி எழுதியது:

நான் புள்ளிவிவரம் பேசுகிற ஆள் இல்லை, குமரி மாவட்டக் கடற்கரைக்காரன். எங்கள் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் ஈரான் கரையில் லாஞ்சில் மீன்பிடிக்கப் போவார்கள், என் அண்ணனும் கிஷ் தீவுப் பக்கம் நான்கு வருடம் இருந்தான். கொரோனாவில் மாட்டிக்கொண்டு 2020 ஜூலையில் கடற்படைக் கப்பல் ஜலஷ்வாவில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியவர்களில் அவனும் ஒருவன். முதலாளி பாதிச் சம்பளம் தரவே இல்லை, அது வேறு கதை.

அவன் சொன்னதில் எனக்கு மறக்காதது, கரையில் குழாயைத் திறந்தால் வாய் வைக்க முடியாத உப்பு, சமையலுக்கும் குடிக்கவும் கேன்தான். கேன் வர ஒரு நாள் தாமதமானால் மீன் கழுவுகிற கடல் தண்ணீரிலேயே சோற்றை வடித்து, கடைசியில் ஒரு கப் நல்ல தண்ணீரை ஊற்றி அலசிச் சாப்பிடுவார்களாம். சுற்றிக் கடல், நடுவில் தாகம், எங்களுக்கு அது புதிதும் இல்லை.

இப்போது பந்தர் அப்பாஸ் பக்கம் கடல் நீரைக் குடிநீராக்கி உள்நாட்டுக்குக் குழாயில் அனுப்புகிறார்களே, அதைக் கொஞ்சம் சொல்லுங்கள் ஐயா. அது வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

---

மடைக்காரன் எழுதியது:

அண்ணன் பத்திரமாக வந்தாரே, அது போதும். அந்தக் குழாய் 2020இல் ஓடத் தொடங்கியது, ஆனால் யாருக்கு என்று பாருங்கள். முதலில் குல்கோஹர் இரும்புச் சுரங்கத்துக்கு, அப்புறம் சர்ச்செஷ்மே தாமிரச் சுரங்கத்துக்கு, யஸ்து மாகாணத்தில் சதர்மலு சுரங்கத்துக்கு. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ள வேண்டும். இந்தச் செலவுக்கு இரும்பு விற்கிறவன் தாங்குவான், கோதுமை விளைவிக்கிறவன் தாங்க மாட்டான். தலைநகரையே தெற்கே மக்ரான் கரைக்குக் கொண்டுபோகலாம் என்றும் பேச்சு அடிபடுகிறது. ஒரு கோடிப் பேருக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் யார் கட்டுவது, எந்தப் பணத்தில்?

---

ஸ்கார்பரோ சுதா எழுதியது:

நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். டொரொண்டோவில் ஈரான் ஆட்கள் கனபேர், யங் வீதியில் ஒரு பகுதி முழுக்கப் பாரசீக எழுத்துக் கடைப் பலகைதான். என்னோடு வேலை செய்கிற பெண் இஸ்பஹான்காரி. மதியச் சாப்பாட்டு நேரம் கதைக்கத் தொடங்கினால் ஆற்றில்தான் போய் நிற்பாள்.

அந்த ஆற்றின் பெயர் ஜாயந்தே ரூத், உயிர் தருகிற ஆறு என்று அர்த்தமாம். அதன் மேல் முப்பத்துமூன்று வளைவுப் பாலம், 1600ஐ ஒட்டிக் கட்டினது, சரியான வடிவு. இப்போது வருடத்தில் பெரும்பாலான நாள் பாலத்துக்குக் கீழே மணல். 2021 நவம்பரில் விவசாயிகள் அந்த மணலுக்குள்ளேயே கூடாரம் அடித்து இருந்தார்கள், ஆயிரக்கணக்கில் சனம் சேர்ந்தது, கடைசியில் பொலிஸ் வந்து கலைத்தது. ஆற்றுத் தண்ணீரை யஸ்துக்குக் கொண்டுபோகும் குழாயையும் கோபத்தில் உடைத்திருக்கிறார்கள். ஆனால் இவளே ஒருநாள் சொன்னாள், மலைக்கு அந்தப் பக்கம் கூஹ்ரங் ஆட்கள், எங்கள் தண்ணீரைச் சுரங்கம் குடைந்து உங்கள் ஆற்றுக்குள் விட்டதே அநியாயம் என்று எங்களைத் திட்டுகிறார்கள் என்று. ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு கள்ளன் இருக்கிறான்.

எண்ணிச்சுவடி சொன்னதில் ஒன்றை நான் சேர்க்க வேண்டும். தண்ணீர்ப் பிரச்சினையும் பிள்ளைப் பிரச்சினையும் வேறுவேறு இல்லை. இவளின் அப்பாவின் ஊர் இஸ்பஹானுக்குக் கிழக்கே, ஆற்றின் கடைமடை. தண்ணீர் நின்றதும் பெரியப்பா குடும்பம் நிலத்தை விட்டுவிட்டு நகரத்து ஓரத்தில் வாடகைக்கு வந்தது. பெரியப்பாவுக்கு ஏழு பிள்ளைகள். அந்த ஏழு பேருக்கும் சேர்த்து இப்போது ஐந்து பிள்ளைகள். ஊரில் நிலமும் மாடும் இருந்தால் பிள்ளை ஒரு கை, வாடகை வீட்டில் பிள்ளை ஒரு செலவு. கிழக்கு எல்லையில் சிஸ்தானிலும் இதுதான், ஹெல்மண்ட் ஆறு ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தால்தான் ஹாமூன் ஏரி நிரம்பும், 1973இல் ஒப்பந்தம் போட்டும் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை, மீன் பிடித்த, மாடு வளர்த்த சனம் மூட்டை கட்டிவிட்டது. எங்களுக்கு ஊரை விட்டு வருவது என்றால் என்ன என்று தெரியும்தானே.

அவளின் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் மூன்று நாட்டில். பிள்ளை பெறுங்கள் என்று தொலைக்காட்சியில் சொல்லும்போதெல்லாம் அம்மா, நான் பெற்றதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று தொலைக்காட்சியைக் கேட்பாவாம்.

---

நெறியாளர் எழுதியது:

சென்னை 2019, காவிரி, தமிழ்நாட்டுப் பிறப்பு விகிதம் என்று மூன்று பதிவுகள் வந்தன, தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஈரான் மட்டும்.

---

வெயிலான் எழுதியது:

சரி, பானையை வாபஸ் வாங்குகிறேன். அப்படியானால் நேரடியாகக் கேட்கிறேன், கோதுமையை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து வாங்கினால் என்ன? 90 சதவீதத்தில் பாதி மிச்சமானாலே போதுமே. எண்ணெய் இருக்கிற நாடுதானே. சுதா அக்கா, அந்த அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொள்ள முடியாதா?

---

மடைக்காரன் எழுதியது:

என்னைக் கேட்டால் பாதியாவது நிறுத்தத்தான் வேண்டும், இஸ்பஹான் பக்கத்தில் நெல் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவே இல்லை. ஆனால் வேலை செய்பவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் அங்கே விவசாயத்தில் இருக்கிறார். மடையை மூடினால் அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? முன்னாள் விவசாய அமைச்சர் ஈசா கலந்தாரி 2015இலேயே, இப்படியே போனால் 5 கோடிப் பேர் நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்றார். எண்ணிக்கை கொஞ்சம் மிகை என்று எனக்குத் தோன்றும், ஆனால் சொன்னது எதிர்க்கட்சி இல்லை, அந்தத் துறையையே நடத்தியவர். வெளியிலிருந்து கோதுமை வாங்க டாலர் வேண்டும், டாலருக்கு எண்ணெயைத் தடையில்லாமல் விற்க வேண்டும், அதற்கு உலகத்தோடு ஒத்துப்போக வேண்டும். பொருளாதாரத் தடைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, கோத்வந்தில் உப்பு மேல் அணை கட்டச் சொன்னது அமெரிக்கா இல்லை. ஆனால் தடை இருக்கும் வரை எந்த அதிபருக்கும் கோதுமையில் கை வைக்கத் தைரியம் வராது.

---

ஸ்கார்பரோ சுதா எழுதியது:

@வெயிலான் கூப்பிட்டாள் தம்பி, அம்மா வரமாட்டேன் என்கிறா. போன மாதம் கதைக்கும்போது சொன்னா, குழாயில் அழுத்தம் இல்லாததால் மாடிக்குத் தாங்கியும் பம்பும் பூட்டியிருக்கிறார்களாம், எட்டு வீடும் காசு போட்டது. அந்த எட்டு வீட்டில் ஒன்றில்தான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. பம்ப் நின்றுவிட்டால் ஏறிப் பார்க்கிறவர் இரண்டாம் மாடிக்காரர், வயது எழுபத்தொன்று, அவருக்கு முழங்கால் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறதாம். அந்த இரண்டு கிழமைக்கு யார் ஏறுவது என்று கட்டடத்தில் கூட்டம் வைத்துக் கதைத்தார்களாம்.